நாலு விரல் அகலம்

ஜனவரி 11

அண்ணிக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். இங்கே ஆவணக் காப்பகத்தில் தினமும் யாரோ எழுதிய பழைய தாள்களை ஒட்டிக்கொண்டிருக்கிறேனே தவிர, நானாக ஒரு கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓர் உதவி வேண்டும். வருஷா வருஷம் ஜனவரியில் அண்ணன் எனக்கு ஒரு பார்சல் அனுப்புவார். உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பூவரசின் பட்டை. அதை ஊறவைத்து, வேகவைத்து, அடித்து, உள்ளே இருக்கிற நாரைப் பிரித்து வெங்காயத் தோல் மாதிரி ஒரு காகிதம் செய்வேன். கிழிந்த தாளுக்குப் பின்னால் அதைக் கொடுத்து ஒட்டினால் ஒட்டு இருப்பதே தெரியாது. இந்த வருஷம் எங்களிடம் வந்திருப்பது ஒரு நகரத்தின் பழைய வரைபடம். பதிமூன்று துண்டாக வந்திருக்கிறது. நடுநடுவே பூச்சி அரித்த ஓட்டை வேறு. கடையில் வாங்குகிற காகிதம் போதும் என்கிறார் மேலாளர். போதாது என்று அவருக்கும் தெரியும்.

நாற்பது அங்குல நீளம், நாலு விரல் அகலம். ஒரே துண்டாக இருந்தால் நல்லது. அண்ணனுடைய கத்தி பின்கதவுக்கு மேலே, கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் சொருகியிருக்கும். உங்களுக்குச் சிரமம் என்றால் வேண்டாம்.

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

சுள்ளி


பிப்ரவரி 2

சுள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்கு உன் மேல் கோபம் என்று நினைக்காதே. யார் போனையும் நான் எடுப்பதில்லை. எடுத்தவுடன் "சாப்பிட்டீங்களா"ன்னு ஒரு கேள்வி, "தூங்குறீங்களா"ன்னு ஒரு கேள்வி. இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. நான் என்ன செய்ய? சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பசியும் இல்லை, கனவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை நிறைய. பள்ளிக்கூடச் சீருடை மட்டும் அறுபது ஜோடி. இந்த எட்டு மாதத்தில் நான் தைத்ததைப் பழைய கணக்கில் இரண்டு பேர் தைத்திருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். நீ ஒருத்திதான் கல் என்றாய். மூன்றாம் நாள் நான் மெஷினில் உட்கார்ந்ததைப் பார்த்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னாய். "உங்களுக்கு நெஞ்சுல இருக்கிறது கல்லு அண்ணி." நான் பதில் சொல்லவில்லை என்று உனக்கு இன்னும் கோபம் ஏறியிருக்கும். அப்போது ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் தோள்பட்டையில் சுருக்கம் விழும். காரணம் அதுதான். வேறொன்றும் இல்லை.

பட்டை அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேரும். மரத்தின் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தேன். நாற்பத்தொன்று. நீ கேட்டது நாற்பது. பாவாடைக்கு இடுப்புப் பட்டி எடுத்த கைக்கு இது என்ன பெரிய காரியம்? சாக்பீஸில் மேலே ஒரு கோடு, கீழே நாலு விரல் விட்டு ஒரு கோடு. இரண்டிலும் கத்தியை ஓடவிட்டு, குறுக்கே ஒரு வெட்டு. நுனியைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்தேன். அது பாட்டுக்கு உரிந்து வந்தது. முழுச் சுற்றும் ஒரே துண்டு, நடுவில் ஒட்டுப் போடவே இல்லை. உன் அண்ணன்கூட இவ்வளவு ஒழுங்காக அனுப்பியிருக்க மாட்டார்.

உரித்த இடம் பிசுபிசுவென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, கத்தி முதுகால் சுரண்டி, சுத்தமாக வைத்திருக்கிறேன். எறும்பு வந்தால் யார் பார்ப்பது? அதற்குக் கொஞ்சம் மேலே அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பெயின்டில் என்னவோ புள்ளி வைத்திருக்கிறார். ஏழு புள்ளி. பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சியதை இங்கே அடித்து விளையாடியிருக்கிறார். அதை நான் தொடவில்லை.

எப்படி இருக்கீங்க என்று கேட்காமல் ஒரு வேலை சொன்னாய் பார், அதற்காகத்தான் உடனே செய்தேன்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. இவ்வளவு நேர்த்தியாக உரித்த பட்டையை நான் பார்த்ததே இல்லை. பக்கத்து மேஜையில் வேலை செய்கிறவரும் அதைத்தான் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். வேண்டாம், அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. மரம் எப்படி இருக்கிறது? இலை வாடியிருக்கிறதா, உதிர்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? நேரம் கிடைக்கும்போது பார்த்து எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் எல்லோரும் சொல்வார்கள், தெரியும்.

சுள்ளி


மார்ச் 4

சுள்ளிக்கு,

மரத்தை நலம் விசாரித்திருந்தாய். வந்து பார்த்தால் நம்ப மாட்டாய். பூத்திருக்கிறது. பூத்திருக்கிறது என்றால் சும்மா அங்கொன்று இங்கொன்று இல்லை. இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் இப்படி நான் பார்த்ததில்லை. இலைக்கு இலை ஒரு பூ. காலையில் மஞ்சளாக விரிகிறது, சாயங்காலம் சிவந்து, சுருண்டு, பொத்தென்று விழுகிறது. நானும் தினம் இரண்டு முறை பெருக்குகிறேன், தீரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மதில் மேலே எட்டிப் பார்த்து, "என்னங்க இது, மரத்துக்குக் கல்யாணமா?" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. இத்தனை நாளாக எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. அடியில் நூல் தீர்ந்த பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்திருக்கிறாயா? ஊசி ஏறி இறங்கும், சத்தம் வரும், துணி நகரும். எடுத்துப் பார்த்தால் ஒரு தையல்கூடப் பிடித்திருக்காது. அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன நினைத்தேனோ, மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் அந்த மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மடியில் பூ விழுந்தது. கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அழுகை ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் போன பிறகு வேலை இல்லாமல் நான் ஓரிடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எனக்காகப் பூக்கிறது என்று டீச்சர் சொல்கிறார். பைத்தியக்காரத்தனம். கேட்க நன்றாக இருந்தது.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

இதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த மரம் செத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பூக்கிறது.

தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறும். அதனால் இலை வாடுவதில்லை. ஆனால் இலை செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். சுற்றிலும் பட்டையை எடுத்துவிட்டால் இறங்க வழி இல்லை. எல்லாம் மேலேயே தங்கிவிடுகிறது. இருப்பதை எல்லாம் போட்டு மரம் பூத்துத் தள்ளுகிறது. கீழே வேர் பட்டினி கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் போகும், சிலது ஒரு வருஷம்கூட நிற்கும். பிறகு ஒரேயடியாகக் காயும்.

அண்ணன் மேலிருந்து கீழாக எடுப்பார். ஒரு பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று. மீதி முழுவதும் பட்டை இருக்கும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் எடுத்தாரோ அதற்கு நேராக ஒரு மஞ்சள் புள்ளி வைப்பார், அது மூடுகிறவரை மறுபடி அந்தப் பக்கம் கை வைக்க மாட்டார். அந்த ஏழு புள்ளி ஏழு வருஷம், அண்ணி. விளையாட்டு இல்லை.

தப்பு உங்களுடையது இல்லை. நீளம் எழுதினேன், அகலம் எழுதினேன், எந்தப் பக்கமாக என்று எழுதவில்லை. ஏழு வருஷமாக அவரிடம் நான் சொன்னதெல்லாம் "பட்டை அனுப்புண்ணா" என்ற இரண்டு வார்த்தைதான். அதற்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை.

பார்சலைப் பிரித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நார் நீளவாக்கில் ஓடவில்லை, குறுக்கே ஓடியது. பிப்ரவரி 13 கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உங்களைக் கல் என்று ஒருமுறை சொன்ன வாய். அந்த வாயால், அண்ணன் வைத்த மரத்தை நீங்கள் வெட்டிவிட்டீர்கள் என்று இரண்டாவது முறை சொல்ல வரவில்லை. ஒருவேளை கொஞ்சம் பட்டை விட்டுப்போயிருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் பூவைப் பற்றி எழுதிய கடிதத்தைக் கழிவறையில் நின்று படித்தேன்.

ஒரு வழி இருக்கிறது. அந்த மரத்திலேயே பென்சில் கனத்தில் குச்சிகளை வெட்டுங்கள். இரண்டு முனையையும் உளி மாதிரி சீவுங்கள். உரித்த இடத்துக்குக் கீழே பட்டையில் ஒரு கீறல், மேலே ஒரு கீறல். குச்சியின் ஒரு முனையைக் கீழ்ப் பட்டைக்குள்ளும் மறு முனையை மேல் பட்டைக்குள்ளும் செருகிச் சின்ன ஆணி அடித்து, இறுகக் கட்டி, மெழுகு பூசுங்கள். சுற்றிலும் எட்டு, ஒன்பது வையுங்கள். பிடித்தால் அந்தக் குச்சி வழியாகச் சாப்பாடு இறங்கும். குச்சி மரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும், தலைகீழாக வைத்தால் பிடிக்காது. இந்தத் தடவை பக்கத்தைச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மேல் கிளைகளில் பாதியைக் கழிக்க வேண்டும். பூவையும் மொட்டையும் ஒன்று விடாமல் கிள்ளி எறிய வேண்டும். அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

சுள்ளி


மார்ச் 15

சுள்ளிக்கு,

இருபத்தைந்து நாள் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். நான் அதன் அடியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

இனி நானாக எழுதுகிறவரை எழுதாதே.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பட்டையை வீணாக்கவில்லை. நார் நாலு விரல் நீளம்தான், பெரிய தாளாக வரவில்லை. ஆனால் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கக் குட்டை நார்தான் சரி. ஆற்றுக்கு மேலே ஒரு பாலம் இருந்த இடம் மொத்தமாக அரித்துப் போயிருந்தது. அங்கே உங்கள் பட்டைதான் இப்போது இருக்கிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று. அன்றைக்கு உங்களைக் கல் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன் அல்லவா? மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இங்கே மேஜையில் உட்கார்ந்து பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளுக்கு மேல் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஊரில் ஒரு வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன், அண்ணன் இறந்ததே இங்கே யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மேலாளர், "உங்க அண்ணன் பார்சல் எப்ப வரும்?" என்று கேட்டபோதுதான் சொன்னேன்.

பத்து நாள் விடுப்பு தருவதாகச் சொல்கிறார்கள். வரட்டுமா?

சுள்ளி


மே 19

சுள்ளிக்கு,

போன வாரத்தோடு அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது. அன்றைக்கும் நான்கு ரவிக்கை தைத்தேன். சரியாகத்தான் வந்திருக்கிறது.

உனக்கு அந்த மூன்று வரி எழுதிப் போட்ட மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். என்னிடம் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டது. முதலில் பூ. அக்கா, "பாவம், பூத்தது பூத்திருச்சு, அதையாவது விடும்மா" என்றது. விடவில்லை. நான்கு வாளி நிறைந்தது. மொட்டு தனியாக ஒரு முறம். டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்களுக்கு மனசே இல்லையா?" என்று கத்தினார். அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. மனசு இல்லை என்று சொல்ல இந்தத் தெருவிலும் ஆள் கிடைத்துவிட்டது. வருத்தமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கிள்ளி முடிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பிறகு குச்சி. ஒன்பது எடுத்தேன். மரத்திலிருந்து வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றுக்கும் தலைப் பக்கம் சாக்பீஸில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். துணிக்கு நூல் ஓட்டம் பார்த்துத்தான் கத்திரி வைக்க வேண்டும் என்று தையல் பழக வருகிற பெண்கள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மரத்துக்கும் ஓட்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை, வேறு எதுவும் இல்லை. கேன்வாஸ் நூலால் கட்டினேன். மெழுகை உருக்கி ஊற்றினேன். முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தால் கிழிந்த இடுப்புக்குப் பெரிய பெரிய தையல் போட்ட மாதிரி இருந்தது. அவசரத்தில் யாராவது தைத்துக்கொடுத்தால்கூட வாங்க மாட்டேன், அவ்வளவு அசிங்கம்.

பத்தாம் நாள் இரண்டு கருத்துவிட்டது. மூன்றாவது வாரம் இன்னும் மூன்று. மிச்சம் நான்கு பச்சையாக இருக்கிறது. ஒன்றில் நகம் அளவுக்கு ஓர் இலைகூட விட்டிருக்கிறது. ஆனால் மேலே மரம் பாதி மஞ்சளடித்துக் கொட்டிவிட்டது. நான்கு குச்சியை நம்பி அவ்வளவு பெரிய மரம் நிற்குமா என்று தெரியவில்லை. நீயும் தெரியாது என்றுதான் சொல்வாய். தெரிந்தால் மறைக்காமல் எழுது.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். நீ வந்தால் நான் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வேன். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. மரம் நிற்குமா போகுமா என்பது தெரியட்டும். இரண்டில் எதுவானாலும் எழுதுகிறேன். அப்போது வா.

மறுநாளே பசை காய்ச்சினேன் என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நல்ல ஜோடி நாம்.

அண்ணி


மே 26

அண்ணிக்கு,

தெரியாது. மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியாது. இங்கே தோட்டக்கலைத் துறையில் ஒருவரைக் கேட்டேன். அடுத்த பூக்கும் பருவம் வரை பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார். வேருக்குச் சாப்பாடு போவது சரியாகிவிட்டால் மரம் முதலில் தன் பழைய பாக்கியைத்தான் தீர்க்குமாம். ஒரு வருஷம் பூக்காதாம். மறுபடி எக்கச்சக்கமாகப் பூத்தால் கைவிட வேண்டியதுதான் என்றார்.

காத்திருக்கிறேன்.

சுள்ளி


மார்ச் 8

சுள்ளிக்கு,

பத்து மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

நான்கு குச்சியும் கட்டைவிரல் கனம் ஆகிவிட்டது. கட்டிய நூலை அறுத்துக்கொண்டு பருத்திருக்கிறது. மழைக்குப் பிறகு மேலே துளிர் விட்டது. இலை இப்போது முன்பு மாதிரி அடர்த்தி இல்லை, ஆனால் உதிரவில்லை. ஜனவரியிலிருந்து தினமும் காலையில் போய் அண்ணாந்து பார்ப்பேன், மொட்டு வைத்திருக்கிறதா என்று. ஜனவரி போனது. பிப்ரவரி போனது. தெருமுனையில் நிற்கிற பூவரசு மஞ்சள் மஞ்சளாக விரிந்து கிடக்கிறது. இன்றைக்குக் காலையில் ஏணி போட்டு ஏறி, கிளை கிளையாகத் தேடினேன்.

ஒரு மொட்டு இல்லை.

ஏணியில் நின்றபடியே தொடங்கியது. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, காஜா அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதிருக்கிறேன். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மூக்கு இன்னும் அடைத்திருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். வாசலில் சீருடைத் துணி மூட்டையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் கை எழவில்லை. டீச்சர் இரண்டு தடவை வந்து, "மரமும் பூக்கல, நீங்களும் இப்படி உக்காந்துட்டீங்க, ஏதாவது டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறது. எல்லோருக்கும் ஒரே கவலை.

நீ கவலைப்படாதே. உனக்குத்தான் தெரியுமே, பழைய பாக்கி தீர்கிறது.

பத்து நாள் விடுப்பு இன்னும் இருந்தால் வா.

அண்ணி